சவேரியார் உண்மையிலேயே இளவரசரா?

கோட்டாறு வாசி:
திருவிழா மலருக்குப் புனித சவேரியார் (பிரான்சிஸ் சேவியர்) குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். "அரச குடும்பத்தில் பிறந்து எல்லாவற்றையும் துறந்தவர்" என்றுதான் பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தோம். எந்த அரசு, எவ்வளவு பெரிய குடும்பம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

மணக்குடிக்காரன்:
இளவரசர் எல்லாம் இல்லை அண்ணே, சின்னப் பிரபு வீட்டுக் கடைக்குட்டி. நாடு நவார்ரா, இன்றைய ஸ்பெயினின் வடக்கே அப்போது தனி அரசாக இருந்தது. அம்மா வழி வந்த சேவியர் கோட்டையில் 1506-ல் பிறந்தார். அப்பா சட்டம் படித்தவர், அரசரின் ஆலோசனை சபைத் தலைவர். 1512-ல் நாட்டைப் பக்கத்து ஸ்பானிய அரசான காஸ்திலின் படை பிடித்துவிட்டது, 1515-ல் அப்பா இறந்தார், மறு வருடம் கோட்டை மதிலையும் கோபுரத்தையும் இடித்துத் தள்ளினார்கள். இவருக்கு அப்போது பத்து வயது. செல்வத்தில் புரண்டு வளர்ந்தவர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

முட்டம் டீச்சர்:
துறந்ததும் ஒரே நாளில் நடக்கவில்லை. பாரிசில் படிக்கும்போது, 1531-ல், தான் பிரபு வம்சம்தான் என்று சான்று கேட்டு ஊரில் வழக்குப் போட்டார். நாம் தாலுகா ஆபீசுக்கு அலைவோமே, அதே கதைதான். அந்தக் காகிதம் இருந்தால் நவார்ரா தலைநகர் பாம்ப்லோனாவின் பேராலயத்தில் நல்ல வருமானமுள்ள பதவி கிடைக்கும். 1536-ல் தீர்ப்பு சாதகமாகவே வந்தது, ஆனால் 1534-லேயே பிறகு இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரோடு சேர்ந்து, பாரிசின் மோன்மார்த் குன்றில் ஏழ்மை வாக்கு கொடுத்துவிட்டார், இனி அந்தக் காகிதம் எதற்கு? இதில் வேடிக்கை, நாட்டைக் காஸ்திலிடமிருந்து மீட்க நடந்த 1521 போரில் சவேரியாரின் அண்ணன்மார் நவார்ராவுக்காகச் சண்டை போட்டவர்கள். எதிர்ப்பக்கம் நின்று பாம்ப்லோனா கோட்டையில் கால் அடிபட்டவர் இஞ்ஞாசியார்! அவரோடுதான் பாரிசில் ஒரே அறை.

மணக்குடிக்காரன்:
டீச்சர் சொன்னதோடு, சவேரியார் மதம் பரப்ப நம் கரைக்கு வந்தபின் 1544-ல் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து வடுகர் (தெலுங்கு வீரர்) படை தாக்க வந்தபோது மீனவர்கள் ஓடிப்போய் குமரிமுனைப் பாறைகளில் பசியும் தாகமுமாகக் கிடந்தார்கள். மணப்பாட்டிலிருந்து இருபது தோணியில் சாப்பாட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு சவேரியார் கிளம்பினார். ஜூன் மாதம், எதிர்காற்று, தோணி எப்படிப் போகும்? திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு கால்நடையாகவே குமரிக்கு வந்து அவர்களைப் பார்த்தார். அவரே கடிதத்தில் எழுதியது இது. நம் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தது அந்த வருடக் கடைசியில்தான்.

கோட்டாறு வாசி:
சரி, வழக்குப் போட்ட கதையை மலரில் விடுவார்களா தெரியவில்லை, எழுதிக் கொடுத்துப் பார்க்கிறேன். வெட்டினால் தோணிக் கதையாவது நிற்கட்டும்.

முட்டம் டீச்சர்:
வெட்ட விடாதீர்கள். பதவிக்கு ஆசைப்பட்ட ஆள் என்று தெரிந்தால்தானே, எதை விட்டுவிட்டு வந்தார் என்று பிள்ளைகளுக்குப் புரியும்.