பழைய பின்பால் மெஷினில் ஃபியூஸ் போனால்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

சேலம், அம்மாப்பேட்டையிலிருந்து

நம்ம பக்கம் பின்பால் மெஷின் (கண்ணாடி மூடிய பெட்டிக்குள் இரும்புக் குண்டைத் தட்டித் தட்டி ஆடும் விளையாட்டு மெஷின்) வைத்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதனால் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் சுற்றிச் சுற்றி ஃபோன் எனக்குத்தான் வரும். பிழைப்புக்கு ஸ்டெபிலைசர், யூபிஎஸ் ரிப்பேர், பின்பால் ஆசைக்கு.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் பார்த்த பேலி (அமெரிக்கக் கம்பெனி) மெஷினைப் பற்றிச் சொல்கிறேன். 1977 வாக்கில் ரிலேக்கள் (கரண்டில் இயங்கும் ஸ்விட்சுகள்) போய் எலெக்ட்ரானிக் போர்டு வந்ததே, அதற்குப் பிந்தைய மாடல். பம்பர் (குண்டு பட்டதும் அதைத் தள்ளிவிடும் பாகம்) ஒன்று அடிக்கவில்லை, கருகல் வாசம் வருகிறது என்றார்கள். ஆடும் பலகையைத் தூக்கிப் பார்த்தால், அந்த பம்பரின் காயில் (கரண்ட் வந்ததும் இரும்புத் தண்டை இழுக்கும் கம்பிச் சுருள்) மேல் சுற்றியிருந்த காகிதம் பழுப்பேறி அப்பளம்போல் சுருண்டிருந்தது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழல் உப்பி, இரும்புத் தண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஃபியூஸ் மட்டும் புத்தம் புதுசாக மின்னியது. கழற்றிப் படித்தால் 10 ஆம்பியர், கார் ஃபியூஸ்! அந்த இடத்தில் இருக்க வேண்டியது 1 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ, அதாவது கண நேர இழுப்பைத் தாங்கி, நீடித்தால் மட்டும் போகிற வகை.

நடந்தது இதுதான். போர்டில் காயிலை ஸ்விட்ச்போல் இயக்கும் ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, காயில் விடாமல் இழுத்தபடியே இருந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஓம் காயிலில் அதற்கு வரும் 43 வோல்ட் விடாமல் நின்றால் மூன்றரை, நாலு ஆம்பியர் ஓடும். 1 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ அதைச் சில நொடிக்கு மேல் தாங்காது. 10 ஆம்பியருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கடைசியில் காயிலே ஃபியூஸ் வேலையைப் பார்த்துவிட்டது. முன்பு வந்த மெக்கானிக் சும்மா மாட்டியிருக்க மாட்டார். 1 ஆம்பியர் போய்க்கொண்டே இருந்திருக்கும், "பெருசாப் போட்டா நிக்கும்" என்று போட்டிருப்பார். வீட்டு ஃபியூஸ் கேரியரில் வயரின் நாலு இழையை முறுக்கிக் கட்டிப் பழகிய கைதானே.

அதனால் ஹோல்டரில் இருப்பதைப் பார்த்து அதே மாதிரி வாங்காதீர்கள். அது கடைசியாக யார் கையில் என்ன கிடைத்தது என்பதைத்தான் சொல்லும். மேனுவலைப் பாருங்கள், அல்லது ஹோல்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். அதில் ஆம்பியர் எவ்வளவு, ஸ்லோவா ஃபாஸ்டா என்று இரண்டும் இருக்கும். இரண்டுமே முக்கியம். காயில் ஒரு தட்டுத் தட்டும்போது கண நேரத்துக்குப் பல ஆம்பியர் இழுக்கும். ஸ்லோ ப்ளோ அதைப் பொறுத்துக்கொள்ளும், நீடித்தால்தான் போகும். அங்கே ஃபாஸ்ட் ப்ளோ போட்டால் ஒழுங்கான மெஷினிலும் ஆட்டத்தின் நடுவே போகும். உடனே ஆம்பியரைக் கூட்டத் தோன்றும். அங்கேதான் வினை ஆரம்பம்.

ஃபியூஸ் முனையில் டி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ஸ்லோ, எஃப் இருந்தால் ஃபாஸ்ட். அமெரிக்கச் சரக்கில் எம்டிஎல் என்றால் ஸ்லோ, ஏஜிசி என்றால் ஃபாஸ்ட். ஸ்லோ ப்ளோவுக்குள் பெரும்பாலும் சுருள் கம்பியோ ஸ்பிரிங்கோ தெரியும். ஆனால் கண்ணை மட்டும் நம்பி மாட்டாதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து

அண்ணா, மலை மேல் எங்களுக்கு வேறு தொல்லை. மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். என் மெஷினில் விளக்குகளுக்கான ஃபியூஸ் 20 ஆம்பியர், மேனுவலிலும் அதேதான். அப்படியும் ஒரு பக்க பல்புகள் மங்கி மங்கி எரிந்தன. தொட்டுப் பார்த்தால் ஹோல்டர் கொதிக்கிறது. கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்து, பிடிப்பே இல்லை. அந்தச் சூட்டில் ஃபியூஸ் மூடிக்குள் இருந்த ஈயம் உருகி வழிந்திருந்தது. கம்பி அறுந்திருக்கவில்லை! கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஃபியூஸ் நல்லதுதான், மீட்டரில் வைத்தால் செத்த ஃபியூஸ். ஹோல்டரிலிருந்து வெளியே எடுத்து வைத்துத்தான் அளக்க வேண்டும், இல்லையென்றால் சர்க்யூட்டின் மற்ற வழியாக மீட்டரில் பீப் கேட்டு ஏமாந்துபோவோம்.

புது ஃபியூஸ் போட்டும் பயனில்லை, ஹோல்டரையே மாற்றினேன். கிளிப்பை உப்புத்தாளால் தேய்த்து மாட்டுவது ரெண்டு வாரத்துக்கான வைத்தியம். இருபது ஆம்பியர் ஃபியூஸ் நிற்கிற இடம், சும்மா இல்லை.

சேலம், ஐந்து ரோடு பக்கத்திலிருந்து

எனக்கு இரண்டு சந்தேகம். கடையில் கேட்டால் குட்டி ஃபியூஸ்தான் தருகிறார்கள், ஹோல்டரில் கடகடவென்று ஆடுகிறது. வெள்ளித்தாள் சுற்றி நிறுத்தலாமா? அப்புறம், என் மெஷினில் லைன் ஃபியூஸ் (வீட்டுக் கரண்ட் உள்ளே வரும் இடத்து ஃபியூஸ்) 3 ஆம்பியர் என்று ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆனால் ஸ்டிக்கரிலேயே 120 வோல்ட் என்றும் இருக்கிறது. ட்ரான்ஸ்ஃபார்மர் இணைப்பை 230-க்கு மாற்றித்தான் ஓட்டுகிறேன்.

சேலம், அம்மாப்பேட்டையிலிருந்து

தம்பி, வெள்ளித்தாள் கூடவே கூடாது. சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிய ஃபியூஸ் ஹோல்டர்களை நான் நிறையக் கழற்றியிருக்கிறேன். எல்லாமே கருகித்தான் இருந்தன. கடையில் தருவது 5-க்கு 20 மில்லிமீட்டர். அமெரிக்க மெஷினுக்கு வேண்டியது 6.3-க்கு 32. பழைய ஸ்டெபிலைசர், ஆம்ப்ளிஃபயர் பாகங்கள் விற்கிற கடையில் "பெரிய கிளாஸ் ஃபியூஸ்" என்று அளவு சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் ஆன்லைனில் வரவழையுங்கள். வோல்ட் அளவையும் பாருங்கள்: 250 வோல்ட் ஃபியூஸைக் குறைந்த வோல்ட்டில் தாராளமாகப் போடலாம். 32 வோல்ட் கார் ஃபியூஸை லைனில் போட்டால், அது போகும்போது உள்ளே தீப்பொறி பாய்ந்து மின்சாரம் நிற்காமலே ஓடலாம்.

லைன் ஃபியூஸ் விஷயத்தில் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அதே வேலைக்கு 230-ல் கரண்ட் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். 3 ஆம்பியரையே விட்டால் பாதுகாப்பும் பாதி. உங்கள் மாடல் மேனுவலில் 230 வோல்ட்டுக்குத் தனியாக ஏதாவது எழுதியிருந்தால் அதையே போடுங்கள், இல்லையென்றால் 1.5 ஆம்பியர் ஸ்லோ ப்ளோவில் ஆரம்பியுங்கள். ஆன் செய்யும்போது ட்ரான்ஸ்ஃபார்மர் ஒரு பெரிய இழுப்பு இழுக்கும், அதனால் இங்கேயும் ஸ்லோதான்.

போட்டவுடன் போகிறதென்றால் இன்னொன்றை வீணாக்காதீர்கள். டிவி மெக்கானிக் எல்லோரிடமும் இருக்கும் சீரிஸ் பல்ப், 100 வாட் குண்டு பல்ப், அதை லைனில் தொடராகப் போட்டு ஆன் செய்யுங்கள். பளிச்சென்று முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மற்ற ஃபியூஸ்களை எல்லாம் கழற்றி வையுங்கள், மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் அதே வெளிச்சம் என்றால் ட்ரான்ஸ்ஃபார்மரையும் அதன் வயரையும் சந்தேகப்படலாம். வெளிச்சம் தணிந்தால் ஒவ்வொரு ஃபியூஸாக மாட்டிப் பார்த்து எந்த வரிசையில் தப்பு என்று பிடிக்கலாம். ஒவ்வொன்றை மாட்டுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்க மறக்காதீர்கள், ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதாது.

பிளிப்பரை (குண்டை அடிக்கும் துடுப்பு) அழுத்திப் பிடிக்கும்போது மட்டும் போகிறதென்றால் இவ்வளவு தேட வேண்டாம். பிளிப்பர் காயிலில் இரண்டு சுற்று உண்டு, ஒன்று அடிக்க, இன்னொன்று பிடித்து நிறுத்த. பிளிப்பர் முழுதாக எழுந்ததும் கடைசியில் ஒரு சின்ன ஸ்விட்ச் பிரிந்து கரண்டைக் குறைக்கும். அது பிரியாமல் ஒட்டிக்கொண்டால் முழுக் கரண்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்விட்சின் இலையைக் கொஞ்சம் வளைத்துச் சரிசெய்யுங்கள், ஃபியூஸ் அதே அளவிலேயே நிற்கும்.