சென்சஸ் எடுக்க வந்தப்போ உங்க வீட்ல என்ன நடந்தது? வடசென்னைக்காரங்க சொல்லுங்க

பழைய வண்ணாரப்பேட்டை:
2010ல வீட்டுக் கணக்கெடுப்புக்கு டீச்சர்னு என்னையும் அனுப்புனாங்க, ஏரியா எங்க ஏரியாவே தான். ஒரே வாசல், உள்ள நீளமா நடை, ரெண்டு பக்கமும் ஒண்டுக்குடித்தனம், எல்லாருக்கும் சேத்து ஒரு அடிபம்பு. ட்ரெய்னிங்ல தெளிவா சொல்லி இருந்தாங்க, வீட்ட வாசப்படி வச்சு எண்ணு, குடும்பத்த அடுப்ப வச்சு எண்ணுன்னு. ரூமுன்னா நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், உயரம் 2 மீட்டராவது இருக்கணும், சமையக்கட்டு அதுல சேராது. நான் போன ஒரு வீட்ல ஒரே ரூம், நடுவுல சேலைய கட்டி அண்ணன் தம்பி ரெண்டு குடும்பம், ரெண்டு ஸ்டவ். அவங்க ஆயா ஒரு மாசம் இவன்கிட்ட ஒரு மாசம் அவன்கிட்ட சாப்பிடுது. ஆயாவ எந்தக் குடும்பத்துல எழுதறதுன்னு கேட்டா, "இந்த மாசம் சின்னவன் ஊட்ல சோறு துண்றேன், அங்கயே எழுதும்மா"ன்னுச்சு. பெரியவன் மூஞ்சி சுருங்கிப்போச்சு, என் ரேஷன் கார்டுலேர்ந்து பேர எடுத்துடுவாங்களா டீச்சர்ங்கறான். 1948 சென்சஸ் சட்டப்படி நீங்க சொன்னத எந்த ஆபீசுக்கும் காட்டமாட்டோம், கோர்ட்ல கூட ஆதாரமா எடுக்க முடியாதுன்னு பொறுமையா சொன்ன அப்புறம்தான் அவனுக்கு மூச்சே வந்துச்சு. இத எல்லா வீட்லயும் சொல்லணும்ங்க, ஜனம் பயப்படுது.

திருவொற்றியூர்:
டீச்சர், நான் பழைய கணக்கெல்லாம் தேடிப் படிக்கிற ஆளு. 1871ல மெட்ராஸ் மொத்தமே 3,97,552 பேரு, 1901ல 5,09,346. 1911லேர்ந்து 1921 வரைக்கும் பத்து வருஷத்துல எட்டாயிரம் சொச்சம் பேருதான் கூடியிருக்காங்க, நடுவுல 1918 விஷக்காய்ச்சல் வேற. 2011ல 46,46,732. ஆனா அந்த நம்பர்ல எங்க ஊர் கிடையாது! மாநகராட்சி எல்லை பெருசானது அந்த வருஷம் அக்டோபர்ல, கணக்கு எடுத்தது பிப்ரவரில, அப்ப நாங்க திருவள்ளூர் மாவட்டத்து நகராட்சி, 2,49,446 பேரு. மணலி, மாதவரமும் அப்படித்தான். சென்னை ஜனத்தொகைன்னு யாரு நம்பர் போட்டாலும் எந்த எல்லைன்னு மொதல்ல கேளுங்க.

வால்டாக்ஸ் ரோடு:
நாங்க அப்ப பிளாட்பாரத்துல இருந்தோம், நான் ஆறாவது படிக்கிறேன். 2011 பிப்ரவரி 28 ராத்திரி, வீடு இல்லாதவங்கள எண்ற ராத்திரி அது, ஒரு சார் டார்ச்சோட வந்து எங்கள எழுப்புனாரு. தூக்கக் கலக்கத்துல நான் ஸ்கூல் பேர சொல்றேன், எங்கம்மா கூப்புடுற பேர சொல்லுது. சார் வீடில்லாத குடும்பம்னு ஏதோ சொல்லிக்கினே எழுதுறாரு, எங்கம்மாவுக்கு ரோஷம் வந்து, வூடு இல்லன்னா என்னா சார், அடுப்பு கீதுன்னு செவுத்தோரம் மூணு கல்ல காட்டிச்சு, சாம்பல் கூட ஆறல. அவரு டார்ச்ச அது மேல அடிச்சு ஒரு நிமிஷம் பாத்தாரு, அப்புறம் குந்திக்கினு நாலு பேர் பேரையும் ஒவ்வொண்ணா கேட்டு எழுதிக்கினாரு.