கொட்டான் முடைகிற கிழவிக்கு அரசாங்கத்தில் என்ன உண்டு?

ஆத்தங்குடி ஓலைக்காரி:
வணக்கம். ஆத்தங்குடி என்றதும் டைல்ஸ் விலை கேட்பீர்கள். நான் ஓலை. வயது 62, கணவர் இல்லை, கொட்டான், அதாவது பனையோலைக் கூடை முடைந்து பிழைக்கிறேன். கண்புரையை அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லாமல் எடுத்துவிட்டார்கள், இப்போது ஓலையின் நரம்புகூடத் தெரிகிறது. கை நன்றாக ஓடுகிறது. முட்டிதான் மக்கர் செய்கிறது.

செட்டியார் வீடுகளில் கல்யாணம் வந்தால் ராத்திரியும் வேலை. ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த மாதங்களை ஓட்டத்தான் முதியோர் பென்சன் கேட்டுப் போனேன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், முடிந்தபோது பணம் அனுப்புகிறான் என்று உள்ளதைச் சொன்னேன். "மகன் கைவிட்டுட்டான்னு எழுதிக் கொடுங்க, கொட்டான் கதையெல்லாம் சொல்லாதீங்க" என்றார்கள். நன்றாக இருக்கிற பிள்ளையை எதற்கு அப்படி எழுத வேண்டும்? எழுந்து வந்துவிட்டேன்.

வேலை செய்துகொண்டே இருக்க அரசாங்கம் ஏதாவது செய்கிறதா? 'வயசாச்சு, பேசாம உட்காருங்க' என்பவர்கள் பதில் போட வேண்டாம். அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

புதுவயல் மில்காரர்:
நூறு நாள் வேலைக்குப் போகலாமே அம்மா? 18 வயது ஆகியிருந்தால் போதும், மேலே வரம்பு கிடையாது.

ஆத்தங்குடி ஓலைக்காரி:
தெரிந்த தொழிலை விட்டுவிட்டு, இந்த முட்டியோடு கண்மாய்க் கரையில் மண் சுமக்கவா தம்பி?

பழைய தலையாரி:
அக்கா, அந்த பென்சனே 'ஆதரவற்றவர்' என்ற கணக்கில்தான் தருகிறார்கள். உழைக்கிறவர் என்றாலே பார்வை மாறிவிடும். இப்படித் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாதம் 1,200 ரூபாய்.

ஒன்று கேட்கிறேன், மகளிர் உரிமைத் தொகை வருகிறதா? வருகிறது என்றால், பென்சன் கிடைத்ததும் மாதாமாதம் வரும் அந்த 1,000 நின்றுவிடும், ஒரே ஆளுக்கு இரண்டும் கிடையாது. கூடுவது 200 ரூபாயும், அரிசியும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேலையும். அதற்காகப் பொய் எழுதாமல் வந்தீர்களே, சரிதான்.

2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி தேவகோட்டை கோட்டாட்சியரிடம் மனு போட்டால் மகனிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று அடுத்து யாராவது வந்து சொல்வார்கள். அது சொந்த வருமானத்தில் காலம் தள்ள முடியாதவர்களுக்கு. உங்களுக்கு வேண்டாம்.

ஆத்தங்குடி ஓலைக்காரி:
வருகிறது. 200 ரூபாய்க்கா இத்தனை அலைச்சல்!

சாயப்பானை:
அக்கா, நானும் கொட்டான்தான். ஓலை வாருவதிலிருந்து சாயம் காய்ச்சுவது வரை எல்லாம் செய்கிறோம், ஆனால் விலை சொல்வது இடையில் இருக்கிற ஆள். செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் உதவுகிறது. தனி ஆளாக நின்றால் அப்படித்தான். ஊரக வாழ்வாதார இயக்கத்தில் முதியோருக்கென்றே தனியாக சுய உதவிக் குழு அமைக்கலாம். சாதாரணக் குழுவுக்குப் பத்துப் பேர் வேண்டும், இதற்கு ஐந்து போதும், ஆண்களையும் சேர்க்கலாம். குழுக் கடனில் ஓலையும் சாயமும் மொத்தமாக வாங்கிப் போட்டால் ஆடி மாதம் முடைந்து வைக்கலாம், ஆவணியில் விற்கலாம். உங்கள் கவலையே அந்த மாதங்கள்தானே?

கலைஞர் கைவினைத் திட்டமும் இருக்கிறது. 35 வயது முடிந்திருக்க வேண்டும். கூடை முடைவது அதன் பட்டியலில் உண்டு. 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஆனால் நம் தொழிலுக்கு 3 லட்சம் எதற்கு? வாங்கினால் வட்டி கட்டவே முடைய வேண்டியிருக்கும். குழுதான் என் கட்சி. ஆபீசுக்கு அலைய டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், அதனால் தயங்காமல் போய்க் கேளுங்கள்.

ஆத்தங்குடி ஓலைக்காரி:
எங்கள் தெருவில் நான்கு பேர் தேறுவோம். ஐந்தாவதாக ஒருத்தி இருக்கிறாள், 57 வயதுதான், ஆனால் எங்களைவிட வேகம். சேர்க்கலாமா?

பழைய தலையாரி:
முதியோர் குழுவுக்கு 60 ஆகியிருக்க வேண்டும், வேறு ஆள் பாருங்கள். அந்த அம்மாவை முதலில் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதியச் சொல்லுங்கள். 60-க்குள்தான் பதிய முடியும். அறுபதில் அங்கே பென்சன் கேட்க எத்தனை வருடம் பதிவு இருக்க வேண்டும் என்று பதியும்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்; அங்கே மகனைப் பற்றி யாரும் விசாரிக்க மாட்டார்கள்.