பழைய கதவில் வாத்துக் கூடு: கட்டி முடித்த பிறகு

இடித்த வீட்டில் மிஞ்சிய கதவு, ஓடு, பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) கட்டைகளை வைத்து ஐந்து வாத்துகளுக்குக் கூடு கட்டலாமா என்று ஆடியில் இங்கே கேட்டிருந்தேன். கட்டியாச்சு. ஐப்பசி மழையையும் தாங்கிவிட்டது.

ஏழடிக்கு மூன்றடிக் கதவைப் படுக்கப்போட்டதுதான் தரை. அடியில் செங்கல் அடுக்கி அரையடி தூக்கியிருக்கிறேன். வாத்து கோழி மாதிரி கொம்பில் ஏறாது, தரையில்தான் படுக்கும். அதனால் உயரம் மூன்றடி போதும். வாத்து ஒன்றுக்கு நான்கு சதுர அடி கிடைக்கிறது.

பேலட்டில் உள்ள முத்திரையைப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி. 'எச்டி' என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிகொல்லி நச்சுவாயு அடித்தது; அந்த முத்திரை இருந்த இரண்டு பேலட்டை ஒதுக்கிவிட்டேன்.

ஓட்டுக்குக் கீழே சுற்றிலும் ஒரு சாண் திறப்பு. குளிருமே என்று கேட்டீர்கள். நம்மூர் மார்கழிக்கு வாத்து நடுங்காது. அதன் எச்சத்தில் தண்ணீர் அதிகம். காற்று போகாவிட்டால் அமோனியா நெடி கண்ணை எரிக்கும். திறப்பில் அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை), காசு கொடுத்து வாங்கியது அது ஒன்றுதான். சாதாரணக் கோழி வலையை நாய் கிழித்துவிடும், கீரியும் புகுந்துவிடும்.

தரையில் மில் உமி. தண்ணீர்த் தொட்டி வெளியில்தான், உள்ளே வைத்தால் உமி கூழாகிவிடும். காலை எட்டு மணி வரை திறப்பதில்லை. அதற்குள் முட்டை வைத்துவிடுகின்றன. முன்பெல்லாம் வாழைக்கொல்லை முழுக்கத் தேடணும்.