பள்ளி விருந்துக்கு டிஜே: எவ்வளவு கேட்கலாம்?

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் பகுதி நேர டிஜே நான். சுற்றியுள்ள தோட்டங்களில் கல்யாணம், பிறந்தநாள் என்றால் விலை சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடம் என்றால்தான் தடுமாற்றம்.

அடுத்த மாதம் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவ (இறுதியாண்டு) மாணவர்களின் பிரியாவிடை விருந்து. மண்டபத்தில் ஏறக்குறைய 150 பேர், இரவு 7 முதல் 10 வரை. பொருள்கள் என்னுடையவை: பாட்டுகளைக் கலந்து இசைக்கும் பயனியர் டிடிஜே-400 கருவி, 15 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஒரு சப்வூஃபர், வயர்லெஸ் மைக், கொஞ்சம் லைட். வேன் வாடகையும் உதவியாளர் சம்பளமும் மட்டுமே 250 வெள்ளி (ரிங்கிட்) ஆகிறது.

மணிக்கு 200 வெள்ளி என்றேன். "மூணு மணி நேரம்தானே, 300க்கு முடிங்க தம்பி" என்கிறார் ஆசிரியர். பொருத்திக் கழற்றும் நேரம் யார் கணக்கிலும் வராது! சரி, தலைக்கு 4 வெள்ளி என்று மாற்றிப் பார்த்தேன். டிக்கெட் விற்று முடியாமல் எண்ணிக்கை சொல்ல முடியாதாம். லைட்டை எடுத்துவிட்டு 450க்கும் கேட்டாயிற்று, பதில் இல்லை. ஈப்போ நகர நண்பர்கள் சொல்வது ஹோட்டல் நிகழ்ச்சிகளுக்கான விலை. இங்கே டிக்கெட்டே 35 வெள்ளி, அதில் சாப்பாடும் அடக்கம். பொதுவில் பாட்டு ஒலிபரப்ப உரிமக் கட்டணம் வேறு உண்டு. அதைப் பள்ளி கட்டுமா என்றதும் பேச்சே நின்றுவிட்டது.

தோட்டப்புற ஊர்களில் பள்ளி நிகழ்ச்சி செய்பவர்கள் சொல்லுங்கள்: இந்த அளவு நிகழ்ச்சிக்கு எல்லாம் சேர்த்து மொத்தமாக எவ்வளவு வாங்குகிறீர்கள்?