'ஆர்க்கிடெக்சர்: ஆல்' பொதிக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.
லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் பொதி (பேக்கேஜ்) மேலாண்மைக்கான பிஓ கோப்பு, அதாவது மொழிபெயர்ப்புக் கோப்பு, வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். ஒரே ஒரு சொல்லால் பல சரங்கள் (திரையில் வரும் வரிகள்) நிற்கின்றன. 'ஆர்க்கிடெக்சர்: ஆல்' என்று குறித்த பொதி, ஏஎம்டி64, ஐ386, ஏஆர்எம்64 என்ற செயலிக் கட்டமைப்புகள் எதிலும் அப்படியே இறங்கும். உள்ளே எழுத்துரு, ஆவணம், பைத்தான் நிரல் இருக்கும். தொகுத்த இருமக் கோப்பு இராது. 'கட்டமைப்பு சாராப் பொதி' போதுமா?

மறு:
> கட்டமைப்பு சாராப் பொதி
இலக்கணம் சரி ஐயா. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகத்தான் வேண்டும். ஆனால் ஒரு பொதிக்கு இன்னொரு பொதி வேண்டியிருக்கும் டிபென்டென்சிக்குச் 'சார்பு' என்று முன்பே வைத்துவிட்டோம். 'சாராப் பொதியின் சார்புகள் நிறைவேறவில்லை' என்று திரையில் வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? போதாக்குறைக்குப் பள்ளிக் கணக்கில் சார்பு என்றால் ஃபங்ஷன். 'பொதுப் பொதி' எளிது.

மறு:
'பொதுப் பொதி' நாக்கைச் சுளுக்கும். பொருளும் பிசகு. ஏஎம்டி64 கணினியில் ஐ386 பொதிகளையும் ஏற்க, பொதி நிறுவும் கருவிகளில் 'டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386', அடுத்து 'ஆப்ட் அப்டேட்' கொடுங்கள். ஐ386 விளையாட்டு ஒன்றை நிறுவுகிறீர்கள். அதற்கு ஒரு தரவுப் பொதி வேண்டும், அது 'ஆல்'. எல்லாருக்கும் பொது என்றால் தடையே வரக்கூடாது. வரும். சார்பு தீர்க்கும்போது 'ஆல்' பொதியைக் கணினியின் சொந்தக் கட்டமைப்பாக, அதாவது ஏஎம்டி64 ஆகத்தான் எண்ணுவார்கள். ஐ386 பொதி கேட்பதோ ஐ386 சார்பு. தரவுப் பொதியின் கட்டுப்பாட்டுக் கோப்பில் 'மல்டி-ஆர்க்: ஃபாரின்' என்ற வரி, அதாவது வேறு கட்டமைப்பின் சார்பையும் இது நிறைவேற்றும் என்ற குறிப்பு, இருந்தால்தான் கதவு திறக்கும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 'ஆல்' பைத்தான் தொகுதி ஒன்று, சி மொழியில் எழுதித் தொகுத்த இன்னொன்றை இழுத்து வரலாம். முன்வாசலில் விரட்டிய கட்டமைப்பு கொல்லைப்புறமாக நுழைந்துவிடும். ஐ386 பைத்தானுக்கு ஏஎம்டி64 நூலகத்தால் பயனில்லை. அதைப் பார்க்காமல் 'ஃபாரின்' போட்டால் நிறுவல் சுத்தமாக முடியும், ஓட்டும்போது இம்போர்ட் பிழை. அதே கட்டமைப்பின் சார்பை மட்டும் நிறைவேற்றும் 'மல்டி-ஆர்க்: சேம்' போட்டுப் பார்க்கவும் வழியில்லை. 'ஆல்' பொதியில் அது இருந்தால் டிபிகேஜி பிழை என்று தள்ளிவிடும்.

மறு:
இதைத் தொல்காப்பியர் எப்போதோ தீர்த்துவிட்டார். சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது. பெயர் இரு திணைக்கும் உரியது, ஆளா விலங்கா என்பதை வினைதான் காட்டும். அவர் விரவுப்பெயர் என்றார், நன்னூலார் பொதுப்பெயர் என்றார். நம் 'ஆல்' பொதி அச்சு அசல் சாத்தன். 'விரவுப் பொதி' என்போம். பொதியும் நல்ல பழஞ்சொல்: பொதிமாடு, பொதிசோறு, ஏன், பொதிகையே...

மறு:
பொதிகைக்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, ஏறி வர நாளாகும்.
விரவுதல் என்றால் கலத்தல். 'விரவுப் பொதி' என்றதும் பல கட்டமைப்புகளின் நிரலும் கலந்த ஒன்று என்றே தோன்றும். ஆப்பிளின் யுனிவர்சல் பைனரிக்கு அந்தப் பெயர் கச்சிதம். இங்கே இருப்பது நேர் எதிர். உவமையும் நிற்காது. டிபிகேஜி வினை வரும்வரை காத்திருப்பதில்லை, சாத்தன் என்றாலே ஆள்தான் என்று முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறது. கோப்பில் 'ஆல்' என்ற மதிப்பை எப்படியும் மொழிபெயர்க்கப் போவதில்லை. விளக்கத்திலும் 'ஆல் வகைப் பொதி' என்று விட்டால் நிறுவுகிறவருக்குப் புரியும்.

மறு:
ஆல் என்றால் விழுது விடும் மரமா? தமிழாக்கம் என்ற பெயரில் ஒலிபெயர்ப்பு எதற்கு?

மறு:
நேரமில்லை. மூவர் 'சாரா'வுக்குச் சரி என்கிறார்கள், அதையே போடுகிறேன். மோதல் வரும் சரங்களில் மட்டும் சார்பை எடுத்துவிட்டு, 'கட்டமைப்பு சாராப் பொதிக்குத் தேவையானவை கிடைக்கவில்லை' என்று மாற்றியிருக்கிறேன். 'ஃபாரின்' விளக்கத்தில் 'அயல் கட்டமைப்பு'. இதிலாவது சண்டை வேண்டாம்.

மறு:
அயல் சரி. 'தேவை' சரியில்லை: டிபென்ட்ஸ் கட்டாயம், ரெகமெண்ட்ஸ் பரிந்துரை மட்டும். இரண்டுமே தேவை என்றுதான் படிப்பார்கள். என் வாக்கு இன்னும் விரவுக்கே, பதிவில் இருக்கட்டும்.