பேக்கிங் வோகலிஸ்ட்: பின்னணிப் பாடகரா, பின்பாட்டுக்காரரா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். 'பேக்கிங் வோகலிஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் சொன்ன யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் பதிலை எழுதுகிறேன்.

லெஸ்லி டங்கன் பற்றி நான் எழுதிவரும் கட்டுரையின் வரைவைப் போன வாரம் என் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். 'இங்கிலாந்தைச் சேர்ந்த பாடகி, பாடலாசிரியர், பின்னணிப் பாடகி' என்பது முதல் வரி. அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எந்த நடிகைக்குப் பாடினாங்க?" என்று கேட்டார்.

அத்தை கேட்டதில் தவறே இல்லை. நமக்குப் பின்னணிப் பாடகி என்றால் சுசீலா, ஜானகி. திரையில் ஒருவர் வாயசைப்பார், பாடுவது இவர். பாட்டின் முதல் குரலே இவருடையதுதான். லெஸ்லி டங்கன் பார்த்த வேலை வேறு. முன்னால் ஒருவர் பாடிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று பேராக மைக்கைச் சுற்றி நின்று, ஒரு வரியின் கடைசிச் சொல்லை எடுத்துக் கொடுப்பது, மூன்றாம் ஸ்வரத்தில் சேர்ந்து பாடுவது, சில இடங்களில் வெறும் 'ஊ' என்று நான்கு தாள அளவுக்கு நீட்டிப் பிடிப்பது. இந்த வேலைக்குத்தான் சொல் தேடுகிறோம்.

> பின்னணிக் குரல் கலைஞர் என்று வைத்தால் என்ன?

ஐயா, அந்தச் சொல்லுக்கும் ஆள் இருக்கிறது. டப்பிங் பேசுபவர்களை அப்படித்தான் சொல்கிறோம். 'பின்னணி' என்று தொடங்கும் எதுவும் நம்மைச் சினிமாவுக்கே கொண்டுபோகிறது. அதனால் அந்த வழியை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

> துணைப்பாடகர் தெளிவாக, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் 'துணை' என்றதும் ஒரு படி கீழே இறக்கிவிடுகிறோம். துணை நடிகர், துணை ஆசிரியர் மாதிரி. லெஸ்லியின் வாழ்க்கையைப் பார்த்தால் இது எவ்வளவு தவறாகப் போகும் என்று புரியும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் வாதமே இங்கேதான் இருக்கிறது.

அவர் 1943இல் இங்கிலாந்தின் வடகிழக்கில் ஸ்டாக்டன் ஆன் டீஸ் என்ற ஊரில் பிறந்தவர். 1960களில் லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் டஸ்டி ஸ்ப்ரிங்ஃபீல்டு போன்ற பெரிய நட்சத்திரங்களுக்குப் பின்னால் நின்று பாடினார். கூடவே தானே பாட்டும் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கட்டிய 'லவ் சாங்' என்ற பாட்டை இங்கிலாந்தின் புகழ்பெற்ற பாடகர் எல்டன் ஜான் 1970இல் 'டம்பிள்வீட் கனெக்‌ஷன்' ஆல்பத்தில் சேர்த்தார். அந்த ஆல்பத்தில் எல்டனும் அவருக்கு வரி எழுதும் பெர்னி டாப்பினும் எழுதாத ஒரே பாட்டு அதுதான். அதைப் பதிவு செய்தபோது லெஸ்லியே கிதார் வாசித்தார், எல்டனின் குரலோடு சேர்ந்து பின்னாலும் பாடினார். அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். வாத்தியம் மிகக் குறைவு. எல்டன் முன்னால் பாட, லெஸ்லியின் குரல் அதை ஒட்டியே வருகிறது. பாட்டுக்குச் சொந்தக்காரர் பின்னால் நிற்கிறார், இரவல் வாங்கியவர் முன்னால் நிற்கிறார். இங்கே யாரை யாருக்குத் 'துணை' என்பது?

இதே ஆல்பத்தில் வேறு பாட்டுகளுக்குப் பின்னால் பாடிய குழுவில் லெஸ்லியோடு டஸ்டி ஸ்ப்ரிங்ஃபீல்டும் இருந்தார். தன் பெயரில் ஹிட் மேல் ஹிட் கொடுத்த நட்சத்திரம்! நேற்று டஸ்டி முன்னால், லெஸ்லி பின்னால். இன்று இரண்டு பேரும் பின்னால். அடுத்த ஆண்டே லெஸ்லி தன் சொந்த ஆல்பமான 'சிங் சில்ட்ரன் சிங்'கை வெளியிட்டபோது அதற்குப் பியானோ வாசித்தவர் எல்டன். ஆக, இது நிற்கும் இடத்தைப் பொறுத்த வேலை. ஆளின் தகுதியைச் சொல்லும் சொல் இதற்குப் பொருந்தாது.

> கோரஸ் என்றே விட்டுவிடலாமே, ஸ்டுடியோவில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பேச்சில் தாராளமாக இருக்கட்டும். எழுத்தில்தான் சிக்கல். மேல்நாட்டுப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பல்லவிப் பகுதிக்கும் கோரஸ் என்றே பெயர். 'கோரஸில் கோரஸ் வருகிறது' என்று எழுத வேண்டி வரும். ஹம்மிங் என்ற சொல், சொல்லில்லாத பகுதிக்கு மட்டும் சரி. 'ஒத்திசை' ஹார்மனிக்கு வேண்டும், அதைச் செலவழித்துவிடக் கூடாது.

சரி, என் முன்மொழிவு: பின்பாட்டு.

இதை நான் புதிதாக உண்டாக்கவில்லை. தெருக்கூத்தில் வேஷக்காரர் ஒரு அடியைப் பாடி முடித்ததும், அவருக்குப் பின்னால் மிருதங்கத்தோடும் ஹார்மோனியத்தோடும் இருப்பவர்கள் அதைப் பிடித்துத் திரும்பப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் அவர் மூச்சு வாங்கிக்கொள்வார், அடவு போடுவார். பின்பாட்டு தொய்ந்தால் ஆட்டமே தொய்ந்துவிடும். கதாகாலட்சேபத்திலும் இந்தச் சொல் உண்டு. லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் கூத்துக் களத்துக்கும் எந்த உறவும் இல்லைதான். ஆனால் வேலையின் அமைப்பு ஒன்று: முன்குரல் ஒன்று, அதைத் தாங்கிப் பிடிக்கும் குரல்கள் பின்னால்.

அப்புறம், இது வினையாகவும் வளைந்து கொடுக்கிறது. பின்பாட்டுப் பாடினார், பின்பாட்டுக் குழு, பின்பாட்டுத் தடம். ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் பின்பாட்டுக்காரர். ஆண், பெண் இரண்டுக்கும் பொது. இது ஏன் முக்கியம் என்றால், பிங்க் ஃபிளாய்டு என்ற ராக் இசைக்குழு 1973இல் வெளியிட்ட 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தில் பின்பாட்டுப் பாடிய நால்வரில் லெஸ்லி ஒருவர். மற்றவர்கள் டோரிஸ் ட்ராய், லிசா ஸ்ட்ரைக், பேரி செயின்ட் ஜான். கடைசிப் பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிட வேண்டாம், அவரும் பெண்தான்.

> பின்பாட்டுப் பாடுவது என்றால் ஜால்ரா போடுவது என்ற பொருள் வருமே?

அக்கா சொன்ன இந்த மறுப்பு மட்டும்தான் என்னை யோசிக்க வைத்தது. அரசியல் மேடையில் அப்படி ஒரு பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தாளம் என்ற பெயரைச் சொல்லியும் திட்டுகிறோம், ஒத்து ஊதுகிறான் என்றும் திட்டுகிறோம். அதற்காக நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்துக்கு வேறு பெயர் வைக்கவில்லை. இசை பற்றிய கட்டுரையில் வரும்போது இசைப் பொருள்தான் முந்தும்.

எல்லையையும் குறித்துவிட வேண்டும். அதே பிங்க் ஃபிளாய்டு ஆல்பத்தில் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' என்று ஒரு பாட்டு. கிளேர் டாரி என்ற பாடகியைக் கூப்பிட்டு, சொல் எதுவும் இல்லாமல் பாடச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாடிவிட்டு, 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். அந்தக் குரல் அழுது, உயர்ந்து, அடங்குவதுதான் அந்தப் பாட்டே. அந்த இசையில் தனக்கும் பங்கு உண்டு என்று 2004இல் வழக்குப் போட்டார். மறு ஆண்டு சமரசமாகி, குழுவின் ரிச்சர்ட் ரைட்டோடு அவர் பெயரும் இசையமைத்தவராகச் சேர்ந்தது. இதைப் பின்பாட்டு என்று எழுதினால் அவருக்கு அநியாயம் செய்கிறோம். முன்குரல் இருந்தால்தான் பின்பாட்டு. வரையறையில் இந்த வரி கட்டாயம் வேண்டும்.

இன்னொரு சொல்லும் பாக்கி இருக்கிறது: சிங்கர் சாங்ரைட்டர். 'பாடலாசிரியர்' என்றால் நம் ஊரில் வரி எழுதுபவர் மட்டும், மெட்டு இன்னொருவருடையது. லெஸ்லி இரண்டையும் செய்தவர். வாக்கேயக்காரர் (சொல்லும் மெட்டும் தாமே அமைப்பவர்) என்ற சொல் பொருளில் சரியாக உட்கார்ந்தாலும், தியாகராஜரை நினைக்காமல் அதைச் சொல்ல முடியவில்லை. 'பாட்டுக் கட்டுவது' என்பதில் சொல்லும் மெட்டும் ஒன்றாகவே வருகின்றன. அதிலிருந்து 'பாட்டுக்கட்டுநர்' என்று எடுக்கலாமா என்று தோன்றுகிறது. இதற்குத் தனி இழை தொடங்கலாம்.

மேடைக் கூச்சம் அதிகம் உள்ளவர் லெஸ்லி. அவர் பெயர் பரவாததற்கு அதுவும் ஒரு காரணம். அப்படியும் 1974இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் எல்டனோடு நின்று 'லவ் சாங்' பாடினார், அது ஒலிப்பதிவாகவும் இருக்கிறது. இசைத் தயாரிப்பாளர் ஆலன் பார்சன்ஸ் 1979இல் கொண்டுவந்த 'ஈவ்' ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு முன்குரலே இவர்தான். கடைசிக் காலத்தில் ஸ்காட்லாந்தின் மல் தீவில் வாழ்ந்தார், 2010இல் மறைந்தார்.

வரைவின் முதல் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: 'லெஸ்லி டங்கன், தானே பாட்டுக் கட்டிப் பாடிய இங்கிலாந்துப் பாடகி, டஸ்டி ஸ்ப்ரிங்ஃபீல்டு, எல்டன் ஜான், பிங்க் ஃபிளாய்டு ஆகியோரின் இசைப்பதிவுகளில் பின்பாட்டுப் பாடியவர்.' நேற்று ராத்திரி அத்தையிடம் மறுபடி காட்டினேன். இந்த முறை நடிகையைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தப் பாட்டைப் போடு, கேட்கலாம்" என்றார்.

அன்புடன்.